ஃபேன் சுற்றினாலும் குளிராத ஊர்... அங்கே ஐந்து வருடம் உழைத்த வாயு லேசர்!

செல்போன் கொஞ்சம் சூடானாலே கவரைக் கழற்றிவிட்டு ஃபேனுக்கு நேராகப் பிடிக்கிறோம். லேப்டாப்புக்குள் குட்டி ஃபேன், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டாமல் ஓர் இடைவெளி, பைக் எஞ்சினைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள், காரில் ரேடியேட்டர் தண்ணீர்... வீட்டிலும் ரோட்டிலும் இருக்கும் எல்லா இயந்திரங்களும் கடைசியில் தங்கள் சூட்டை ஒப்படைப்பது காற்றிடம்தான்.

அந்தக் காற்றே இல்லாத இடத்தில் ஒரு இயந்திரத்தை இரவும் பகலும் ஓடவிட வேண்டும். அதுவும் லேசர். அதிலும், குடிக்கும் கரன்ட்டில் மிக மிகச் சிறிய பங்கை மட்டும் வெளிச்சமாக்கிவிட்டு மிச்சத்தையெல்லாம் சூடாக்கிவிடும் வாயு லேசர். ரிப்பேர் பார்க்க ஆள் போக முடியாது. கேஸ் தீர்ந்தால் நிரப்ப முடியாது. தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கவும் முடியாது.

இப்படி ஒரு லேசரைச் செய்து, 2004-ம் ஆண்டு ஜூலை 15-ம் தேதி அமெரிக்காவின் வேண்டன்பெர்க் தளத்திலிருந்து டெல்டா-2 ராக்கெட்டில் அனுப்பினார்கள். நாசாவின் 'ஆரா' செயற்கைக்கோளில் இருக்கும் 'மைக்ரோவேவ் லிம்ப் சவுண்டர்' என்ற கருவிக்குள் அது உட்கார்ந்திருந்தது. நம் தலைக்கு மேல் 705 கிலோமீட்டர் உயரத்தில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தது. எதற்காக இவ்வளவு பாடு?

ஒரு நொடி வாழும் துப்புரவாளர்

ஓசோன் ஓட்டையைப் பற்றி பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பழைய ஃபிரிட்ஜ்களிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் மேலே போய் ஓசோனைத் தின்கின்றன என்று 1974-ல் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1985-ல் அன்டார்டிகாவுக்கு மேல் ஓசோன் படுமோசமாகக் குறைந்திருப்பதை பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. உலகமே சேர்ந்து அந்த வாயுக்களைக் கைவிட ஆரம்பித்தது.

ஆனால், ஓசோனைக் குறைப்பது குளோரின் மட்டுமே கிடையாது. இயற்கையாகவே அதைக் குறைக்கும் வேறு வேதிப்பொருள்களும் மேலே இருக்கின்றன. அதில் முக்கியமானது ஹைட்ராக்ஸில். ஒரு ஆக்சிஜன் அணு, ஒரு ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான். தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிய்த்து எடுத்தால் மிஞ்சுவது.

இந்தக் குட்டி மூலக்கூறு ரொம்பத் துடிப்பானது. எதிரில் யார் வந்தாலும் வம்புக்குப் போகும். நாம் சுவாசிக்கும் கீழ்க்காற்றில் அதன் ஆயுள் ஒரு நொடி அளவுதான். அந்த ஒரு நொடிக்குள் மீத்தேன், கார்பன் மோனாக்சைடு போன்றவற்றைத் தாக்கி அழித்துவிடும். அதனால்தான் விஞ்ஞானிகள் இதைக் 'காற்றின் டிடர்ஜென்ட்' என்று செல்லமாகச் சொல்வார்கள். கீழே துப்புரவாளராக இருக்கும் இதே ஆசாமி, மேலே 40 கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில் ஓசோனைக் குறைப்பதில் முதல் ஆளாக நிற்கிறார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஓசோன் குறைந்ததில் மனிதர்கள் பங்கு எவ்வளவு, இயற்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் ஹைட்ராக்ஸில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். இயற்கையின் கணக்கு தப்பானால் நம்முடைய கணக்கும் தப்பாகிவிடும். 1994, 1997 ஆண்டுகளில் விண்வெளி ஓடத்தில் போன 'மாஹ்ரிசி' என்ற கருவி அளந்து வந்த எண்கள், கம்ப்யூட்டர் மாதிரிகள் சொன்னவற்றோடு ஒத்துப்போகவில்லை. அளவு தப்பா, நாம் கற்ற வேதியியலே தப்பா என்று பெரிய விவாதம் நடந்தது. அதைத் தீர்க்க உலகம் முழுவதும் நாள்தோறும் ஹைட்ராக்ஸிலை அளக்க வேண்டியிருந்தது.

வானத்தில் ஒரு சுருதிப் பெட்டி

ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று சில அலைவரிசைகளில் மெலிதாகப் 'பாடிக்கொண்டே' இருக்கும். ஹைட்ராக்ஸில் பாடும் இடம் 2.5 டெராஹெர்ட்ஸ். அதாவது, ஒரு நொடிக்கு இரண்டரை லட்சம் கோடி அதிர்வுகள். ரேடியோ அலைக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பகுதியை, காற்றில் இருக்கும் ஈரம் முழுசாக உறிஞ்சிவிடும். அதனால் தரையில் நின்று கேட்க முடியாது. மேலே போய்த்தான் கேட்க வேண்டும்.

மேலே போனாலும் இன்னொரு தொல்லை. இவ்வளவு வேகமான அதிர்வை நேரடியாக எண்ணும் எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. கச்சேரியில் தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது கவனித்திருக்கிறீர்களா? இரண்டு தந்திகள் ஏறக்குறைய ஒரே சுருதியில், ஆனால் கொஞ்சமே கொஞ்சம் விலகி இருந்தால் 'வவ்... வவ்...' என்று ஓர் அலைவு கேட்கும். அந்த அலைவின் வேகம்தான் இரண்டு தந்திகளுக்கும் உள்ள வித்தியாசம்.

அதையேதான் இங்கேயும் செய்தார்கள். ஹைட்ராக்ஸிலின் பாட்டுக்கு மிக அருகில், ஆடாமல் அசையாமல் ஒரே சுருதியில் நிற்கும் ஒரு கதிரைக் கருவிக்குள்ளேயே உண்டாக்க வேண்டும். இரண்டையும் ஒரு சின்ன டயோடில் கலந்தால், வித்தியாசம் மட்டும் சில கிகாஹெர்ட்ஸ் அளவில் வெளியே வரும். அதை அளப்பது சுலபம். ஆக, வானத்துக்கு ஒரு சுருதிப் பெட்டி தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் 2.5 டெராஹெர்ட்ஸில் போதிய பலத்தோடு சுருதி பிடிக்கக்கூடிய நம்பகமான வழி ஒன்றுதான் இருந்தது. அது வாயு லேசர்.

பாராமதியில் பிறந்தவரின் கண்டுபிடிப்பு

வாயு லேசர் என்றதும் ஏதோ அந்நியமான சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் மயிலும் பூவும் நுணுக்கமாக வெட்டியிருக்கிறதே, அதைச் செய்வது பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு லேசர். தழும்பை அகற்றும் தோல் சிகிச்சையிலும் அதே லேசர் உண்டு. இதை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர். மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்த சந்திர குமார் நரன்பாய் படேல்.

ஒரு குழாயில் கார்பன் டை ஆக்ஸைடு, நைட்ரஜன், ஹீலியம் மூன்றையும் குறைந்த அழுத்தத்தில் அடைத்து மின்சாரம் பாய்ச்ச வேண்டும். நைட்ரஜன் அந்த ஆற்றலை வாங்கி கார்பன் டை ஆக்ஸைடிடம் கைமாற்றிவிடும். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகக் கொட்டும். ஹீலியத்தின் வேலை, வேலை முடித்த மூலக்கூறுகளை மறுபடி தயார்ப்படுத்துவதும் சூட்டை எடுத்துக்கொண்டு குழாயின் சுவருக்கு ஓடுவதும். ஹீலியம், சாதாரணக் காற்றைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும்.

கார்பன் டை ஆக்ஸைடு லேசரின் ஒளி 2.5 டெராஹெர்ட்ஸ் கிடையாது. அதைவிடப் பல மடங்கு வேகமானது. அதனால் இரண்டாவதாக ஒரு லேசர் தேவை. 1970-ல் அதே பெல் ஆய்வகத்தில் சாங், பிரிட்ஜஸ் இருவரும் ஒரு வழி காட்டினார்கள். கார்பன் டை ஆக்ஸைடு லேசர் ஒளியை வேறொரு வாயு நிரம்பிய குழாய்க்குள் செலுத்தினால், அந்த வாயு டெராஹெர்ட்ஸ் பக்கத்தில் லேசராக மாறும். ஆராவில் அந்த இரண்டாவது வாயு, மெத்தனால் ஆவி. கள்ளச்சாராயச் சாவுச் செய்திகளில் கேட்டுக் கேட்டு நாம் பயப்படும் அதே மெத்தனால்தான். அது தரும் கதிரின் அலைநீளம் 118.8 மைக்ரான். ஹைட்ராக்ஸிலின் பாட்டுக்கு வெகு அருகில் இருக்கும் சுருதி.

ஆய்வகத்தில் இந்த ஜோடி லேசர் ஒரு பெரிய மேஜையையே அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குழாய், வேக்குவம் பம்ப், எப்போதும் திருகுகளைத் திருகிக்கொண்டே நிற்கும் ஓர் ஆராய்ச்சி மாணவர். அதைத்தான் சுமார் 20 கிலோ எடையில், தானே தன்னைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பெட்டியாக்கினார்கள். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்துக்காக இதைச் செய்தது கோஹரன்ட்-டியோஸ் என்ற லேசர் நிறுவனம்.

4,000 ரூபாய் போட்டு ஒரு ரூபாய்!

இனி கணக்கைப் பார்ப்போம். இந்தப் பெட்டி இழுக்கும் மின்சாரம் சுமார் 120 வாட். பழைய காலத்து இரண்டு குண்டு பல்புகள் அளவு. வெளியே கிடைக்கும் டெராஹெர்ட்ஸ் கதிர் 20, 30 மில்லிவாட். அதாவது, ஏறக்குறைய 4,000 ரூபாய் முதல் போட்டு ஒரு ரூபாய் எடுக்கும் வியாபாரம். மிச்சம் 3,999 ரூபாயும் சூடாகிவிடும்!

அந்தச் சூடு எங்கே போகும்? சூடு நகர மூன்றே வழிகள். தோசைக்கல்லில் வைத்த கரண்டியின் பிடி சுடுகிறதே, அது ஒன்று. சூடான காற்றோ நீரோ தானே நகர்ந்து சூட்டைத் தூக்கிக்கொண்டு போவது இரண்டாவது. விறகடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாலும் முகத்தில் வெக்கை அடிக்கிறதே, அது மூன்றாவது. விண்வெளியில் காற்று இல்லை என்பதால் இரண்டாவது வழி அடைபட்டுப்போகிறது. ஒரு செயற்கைக்கோள் என்பது, உலகிலேயே பெரிய பிளாஸ்க்குக்குள் மாட்டிக்கொண்ட காபி மாதிரி. நம் பிளாஸ்க்கின் இரட்டைச் சுவர்களுக்கு நடுவில் இருப்பதும் வெற்றிடம்தானே!

அப்படியென்றால் பம்ப் வைத்து ஏதாவது திரவத்தைச் சுற்றவிடலாமே? வைக்கலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் அப்படித்தான் அம்மோனியாவைச் சுற்றவிட்டுச் சூட்டை வெளியே இருக்கும் பெரிய தகடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஆனால், 2010 ஜூலை 31 அன்று அந்த பம்புகளில் ஒன்று நின்றுபோனது. அதை மாற்ற விண்வெளி வீரர்கள் மூன்று முறை வெளியே நடக்க வேண்டியிருந்தது. 2013 டிசம்பரில் மறுபடி ஒரு பம்ப் கோளாறு, மறுபடி இரண்டு நடை. ஆராவில் ஆளே இல்லை. அங்கே பம்ப் நின்றால் கதை முடிந்தது.

ஐஸ் கட்டி வைத்துக் குளிர்வித்தால்? அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. 1991-ல் போன நாசாவின் மேல்வளிமண்டல ஆய்வுச் செயற்கைக்கோளில் 'கிளேஸ்' என்றொரு கருவி இருந்தது. உறைந்த நியானும் உறைந்த கார்பன் டை ஆக்ஸைடும்தான் அதற்குக் குளிர். அந்த உறைபொருள் 1993 மே மாதம் தீர்ந்தது. கருவியின் வேலையும் அன்றோடு முடிந்தது. நல்ல கருவி, ஆனால் ஐஸ் இருக்கும் வரைதான் ஆயுள்.

அசையும் பாகம் எதுவும் இல்லாமல், தீரும் பொருள் எதுவும் இல்லாமல், சூடு தானாகவே வழிந்து வெளியேறும்படி வடிவமைப்பதுதான் மூன்றாவது வழி.

இலையில் பரப்பிய சோறு

குண்டானில் இருக்கும் சோறு ஒரு மணி நேரமானாலும் நடுவில் கொதிக்கும். அதையே இலையில் பரப்பினால் இரண்டு நிமிடத்தில் கை வைக்கலாம். வாயு லேசரிலும் இதே சூத்திரம்தான். குழாய் அகலமாக இருந்தால் நடுவில் இருக்கும் வாயு சுவரைத் தொட்டுச் சூட்டை விட முடியாமல் திணறும். விண்வெளியில் எடையற்ற நிலை என்பதால் சூடான வாயு மேலே எழும்பிக் கலைவதுகூட நடக்காது. அதனால் வாயு இருக்கும் இடத்தை, சில மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கிவிடுவார்கள். எந்த மூலக்கூறும் சுவருக்கு மிக அருகில். ஹீலியம் சூட்டைத் தூக்கிச் சுவரில் போட்டுவிடும். வாயுவைச் சுற்றவிட ஃபேன் வேண்டாம்.

சுவர் உலோகமாக இருந்தால் சூடு அதன் வழியாக அடித்தகட்டுக்கு இறங்கும். இங்கே ஒரு நுணுக்கம். இரண்டு உலோகத் தகடுகளை எவ்வளவு அழுத்தி வைத்தாலும், உண்மையில் அவை தொட்டுக்கொள்வது சில புள்ளிகளில்தான். பூமியில் அந்த இடுக்குகளில் இருக்கும் காற்று சூட்டைக் கடத்த உதவும். வெற்றிடத்தில் அந்த இடுக்கெல்லாம் குட்டிக் குட்டி பிளாஸ்க் ஆகிவிடும்! அதனால் இதுபோன்ற கருவிகளில் நடுவே இண்டியம் போன்ற மெத்தென்ற உலோகத் தாளையோ கிராஃபைட் தாளையோ வைத்து, நெருக்கமாகப் பல போல்ட்டுகள் போட்டு இறுக்குவார்கள்.

கடைசிப் படி, வெளியே பார்த்தபடி நிற்கும் ஒரு தகடு. அடுப்பின் வெக்கையைப்போல அது சூட்டை அகச்சிவப்புக் கதிராக இருளுக்குள் வீசும். எவ்வளவு பெரிய தகடு வேண்டும்? 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் கறுப்புத் தகடு, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 420 வாட் வீசும். 120 வாட்டைக் கழிக்க, கணக்குப்படி ஒரு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஒரு கேரம் போர்டைவிடச் சின்னது!

ஆனால், வெயில் பட்டால் கணக்கு மாறிவிடும். பூமிக்கு அருகே விண்வெளியில் சூரியன் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,360 வாட் கொட்டும். அதனால் தகட்டைச் சூரியன் படாத பக்கம் திருப்பி வைப்பார்கள். வெயிலைத் திருப்பி அனுப்பி, தன் சூட்டை மட்டும் தாராளமாக வெளியேவிடும் வெள்ளைப் பூச்சோ கண்ணாடிப் பூச்சோ தடவுவார்கள். வெயில் காலத்தில் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறோமே, அதே யோசனை.

இந்தத் தகட்டிடம் இன்னொரு நல்ல குணம் உண்டு. 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறினால், அது வீசும் சூடு சுமார் 30 சதவிகிதம் கூடிவிடும். சூடு ஏற ஏற வேகமாகக் கொட்டும், குறையக் குறைய அடக்கி வாசிக்கும். யாரும் சுவிட்ச் போட வேண்டாம்.

ஒரு டிகிரி ஏறினால் என்ன ஆகும்?

'சூடு வெளியே போனால் போதாதா, ஒரு டிகிரி கூடக்குறைய இருந்தால்தான் என்ன?' என்று கேட்கலாம். லேசரின் இரண்டு முனைகளிலும் இருக்கும் கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் அதன் சுருதியைத் தீர்மானிக்கிறது. ஒரு மீட்டர் நீள அலுமினியம், ஒரு டிகிரி சூடு கூடினால் 23 மைக்ரான் நீளும். நம் தலைமுடியின் தடிமனில் பாதிகூடக் கிடையாது. ஆனால், கார்பன் டை ஆக்ஸைடு லேசரின் அலைநீளமே 10 மைக்ரான்தான். அந்த 23 மைக்ரானுக்குள் லேசர் பல தடவை சுருதி மாறிவிடும்.

மெத்தனாலோ பிடிவாதக்காரர். கார்பன் டை ஆக்ஸைடு லேசர் பாடக்கூடிய பல சுரங்களில் குறிப்பிட்ட ஒன்று கிடைத்தால்தான் அது எழுந்திருக்கும். ஆராவோ பூமியைச் சுமார் 99 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகல், ஓர் இரவு. அதனால் இத்தகைய லேசர்களில், சூட்டுக்கு அதிகம் நீளாத இன்வார் போன்ற உலோகக் கலவைகளைப் பயன்படுத்துவார்கள். ஒரு கண்ணாடியை மின்சாரத்துக்கு மைக்ரான் கணக்கில் நகரும் பீங்கான் வில்லையின் மேல் பொருத்துவார்கள். ஆய்வக மாணவர் கையால் திருகியதை மின்சுற்று தானாகவே செய்யும்.

ராக்கெட் கிளம்பும்போது ஏற்படும் குலுக்கல் தனி. பத்திரிகை வெட்டும் கடையில் இருக்கும் லேசர் பெரும்பாலும் நீளமான கண்ணாடிக் குழாய். பக்கத்திலேயே தண்ணீரைக் குளிர்வித்து அனுப்பும் சில்லர் பெட்டி. சில ஆயிரம் மணி நேரம் ஓடியதும் குழாயைக் கழற்றிப் புதிது போடுவார்கள். ஆராவுக்கு ஐந்தாண்டு ஆயுள் வேண்டும். மணிக்கணக்கில் சொன்னால் 43,800. எனவே கண்ணாடிக்குப் பதில் உலோகமும் பீங்கானும். ஆயிரக்கணக்கான வோல்ட் நேர்மின்சாரத்துக்குப் பதில் ரேடியோ அலை மூலம் வாயுவைத் தூண்டுவது. இதனால் மின்முனைகள் அரிப்பதும் வாயு கெடுவதும் குறையும். வெளியிலிருந்து ஒரு துளியும் கசியாதபடி மொத்தத்தையும் மூடிவிடுவது.

வெற்றிடம் செய்யும் வேறு ஒரு குறும்பும் உண்டு. பசை, பிளாஸ்டிக், ஒயர் உறை எல்லாவற்றிலிருந்தும் மெல்ல ஆவி கிளம்பி, கண்ணாடிகளில் போய்ப் படியும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 'ஏயோலஸ்' காற்றை அளக்கும் செயற்கைக்கோளைக் கேட்டால் தெரியும். அதில் இருந்தது திட லேசர். அதன் சக்திவாய்ந்த புற ஊதா ஒளி, வெற்றிடத்தில் தன் லென்ஸ்களையே கெடுத்துக்கொண்டது. கருவிக்குள் துளி ஆக்சிஜனைக் கசியவிட்டால் அந்தப் படிவு எரிந்துவிடும் என்று கண்டுபிடித்த பிறகே காரியம் நடந்தது. பல வருடத் தாமதத்துக்குப் பின் 2018 ஆகஸ்ட்டில்தான் ஏயோலஸ் கிளம்பியது.

கிடைத்தது என்ன?

ஆராவின் லேசர் 2004 ஆகஸ்ட் முதல் 2009 டிசம்பர் வரை தொடர்ந்து உழைத்தது. ஏறக்குறைய 25 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே ஹைட்ராக்ஸில் எங்கே, எப்போது, எவ்வளவு என்று உலகம் முழுவதற்கும் முதல்முறையாக நாள்தோறும் வரைபடம் கிடைத்தது.

அந்தப் பழைய விவாதம்? 2006-ல் ஆராவின் அளவுகளையும் பலூனில் சென்ற ஒரு கருவியின் அளவுகளையும் ஒப்பிட்டு ஆய்வு வெளியானது. நாம் கற்றிருந்த வேதியியல் பெருமளவு சரிதான் என்று அது காட்டியது. ஓசோன் கணக்குகளின் அஸ்திவாரம் பலமாகத்தான் இருக்கிறது என்ற நிம்மதி கிடைத்தது. மான்ட்ரியல் ஒப்பந்தம் பலன் தருகிறதா, ஓசோன் எப்போது பழைய நிலைக்கு வரும் என்ற கணிப்புகளெல்லாம் இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கின்றன.

2005 ஜனவரியில் சூரியன் சீறியபோது, அதன் புரோட்டான்கள் துருவப் பகுதியில் மோதி ஹைட்ராக்ஸிலைத் திடீரென்று கூட்டின. அங்கே ஓசோன் குறைந்தது. இரண்டையும் இதே கருவி நேரில் பார்த்துப் பதிவு செய்தது.

ஆனால், எந்த வாயு லேசரும் சிரஞ்சீவி கிடையாது. மூப்பின் அறிகுறிகள் தெரிந்ததும், மிச்சம் இருக்கும் ஆயுளைச் சேமிக்க 2009 டிசம்பரில் அதை ஓய்வில் வைத்தார்கள். வீட்டில் பழைய வண்டியை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்பதைப்போல, 2011 முதல் 2014 வரை ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டும் எழுப்பி அளவெடுத்தார்கள்.

எரிமலை வெடித்தபோது...

2022 ஜனவரி 15. பசிபிக் கடலில் டோங்கா அருகே ஹுங்கா எரிமலை கடலுக்கடியில் வெடித்தது. ஏறக்குறைய 14.6 கோடி டன் நீராவியை ஸ்ட்ராடோஸ்பியருக்குத் தூக்கி எறிந்தது. அங்கே வழக்கமாக இருக்கும் மொத்த நீரில் இது சுமார் 10 சதவிகிதம். இந்த எண்ணைக் கொடுத்ததே ஆராவில் இருக்கும் அதே மைக்ரோவேவ் கருவிதான். அதன் மற்ற அலைவரிசைகள் 18 வருடங்கள் கழித்தும் வேலை செய்துகொண்டிருந்தன.

நீராவி கூடினால் ஹைட்ராக்ஸிலும் கூடும். ஹைட்ராக்ஸில் கூடினால் ஓசோனின் கணக்கு மாறும். இப்படியொரு பரிசோதனை மனித வாழ்நாளில் எப்போதாவதுதான் கிடைக்கும். ஆனால், ஹைட்ராக்ஸிலைப் பார்க்க வேண்டிய அந்த ஒரு கண் மட்டும் அப்போது மூடியிருந்தது. விஞ்ஞானிகள் அதை மற்ற அளவுகளிலிருந்து கணக்குப் போட்டுத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது.

அடுத்த தலைமுறைச் சுருதிப் பெட்டிகள் வந்துவிட்டன. 'குவான்டம் கேஸ்கேட் லேசர்' என்ற சில்லு லேசர்கள் நகத்தைவிடச் சின்னவை. கேஸ் கிடையாது, கண்ணாடிக் குழாய் கிடையாது. 2023 டிசம்பர் 31 அன்று அன்டார்டிகாவிலிருந்து கிளம்பிய நாசாவின் 'கஸ்டோ' பலூன் தொலைநோக்கியில் அப்படியொரு சில்லுதான் 4.7 டெராஹெர்ட்ஸ் சுருதி பிடித்தது. ஆனால், அவற்றைக் கடும் குளிரில் வைத்திருக்க வேண்டும். அதற்குக் குளிர்விக்கும் இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரத்தில் அசையும் பாகங்கள் இருக்கும். பிரச்னை சுற்றிச் சுற்றி மறுபடி சூட்டிலேயே வந்து நிற்கிறது.

இதற்கிடையே இன்னொரு வகை வாயு லேசர் சத்தமில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஹீலியமும் நியானும் அடைத்த வளைய லேசர்கள், சூட்டுக்கு ஏறக்குறைய நீளவே நீளாத ஒரு பீங்கான் கண்ணாடிக் கட்டிக்குள் ஒளியை இரண்டு திசைகளிலும் சுற்றவிட்டு, வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லும். சர்வதேச விண்வெளி நிலையத்திலும் அவை இருக்கின்றன. 1980-களிலிருந்து பயணிகள் விமானங்களிலும் இருக்கின்றன. நீங்கள் ஒருமுறையாவது விமானத்தில் போயிருந்தால், ஒரு வாயு லேசர் உங்களுக்கு வழி காட்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஆராவின் அந்தப் பெட்டியைப்போல மற்றொன்று இன்னும் மேலே போகவில்லை. அடுத்த பெரிய எரிமலை வெடிக்கும்போதோ, அடுத்த சூரியப் புயல் அடிக்கும்போதோ அந்தக் கண் திறந்திருக்க வேண்டுமானால், மறுபடி யாராவது அதே பழைய கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்: இந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய் விடுவது?